கால் வோல்ட்

ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் சந்தனம் தடவி நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். இரண்டு ஸ்பீக்கர்களின் தலையிலும் கதம்பச் சரம். ஆயுத பூஜை முடிந்து மூன்று நாள் ஆகியிருந்ததால் பூவெல்லாம் வாடிப்போய், மரிக்கொழுந்து மட்டும் இன்னும் வாசம் விட்டுக்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலையை ஒட்டி அண்ணன் வீடு. எங்களுக்கெல்லாம் அண்ணன், எங்களைப் போலவே பாட்டுக் கேட்கிற செட் மேல் பைத்தியம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 31 வருடம், தகட்டை அடித்து வடிவமாக்குகிற பவர் பிரஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். புது செட் வந்துவிட்டது, எல்லாரும் வாங்க என்று போன் செய்திருந்தார். தர்மபுரியிலிருந்து நான், காரிமங்கலத்திலிருந்து ஒரு வாத்தியார், காவேரிப்பட்டணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர், மூன்று பேரும் போயிருந்தோம்.

"அஞ்சு லட்சம் ஆச்சு தம்பி. ஸ்பீக்கர் மூணு நாப்பது, ஆம்ப் ஒண்ணு அறுபது."

உள்ளே நுழைந்ததும் ஒருமுறை சொன்னார். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனதும் இன்னொரு முறை. நாங்கள் செருப்பு மாட்டும்போது கேட்டருகே வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, மூன்றாவது முறை.

தர்மபுரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். காவேரிப்பட்டணம் வருவதற்குள் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. "எத்தனை தடவை சொன்னாரு, எண்ணினீங்களா?" என்றார் ஸ்டுடியோக்காரர். நான் எண்ணியிருந்தேன். "முப்பது வருசம் பிரஸ் பக்கத்துல நின்ன காது. அதுக்கு அஞ்சு லட்சம் எதுக்கு?" என்றார் வாத்தியார். அதற்கு விளக்கம் கொடுத்தது நான்தான். இரைச்சலில் கெட்டுப்போகிற காது முதலில் மேல் சுருதியில், 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில்தான் கெடும், சிம்பலின் நுனிச் சத்தமும் பேச்சில் வரும் 'ஸ', 'ச' போன்ற ஒலிகளும் மங்கிப்போகும் என்று நீட்டி முழக்கினேன். அதோடு நிறுத்தவில்லை. ஔவையார் பாட்டையும் இழுத்தேன்.

அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தப் பாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புறநானூற்றில் 95ஆம் பாட்டு. தூது வந்த ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலுள்ள வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் அவள். "அண்ணன் வீட்டுலயும் மாலை போட்டுத்தான் நிக்குது" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஒரு வருடமாக அது என்னை விட்டுப் போகவில்லை.

எனக்கு இந்தப் பைத்தியம் தாய்மாமனிடமிருந்து வந்தது. பாலக்கோடு பக்கம் அவர் மைக்செட் வைத்திருந்தார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து என்று எங்கே விசேஷம் நடந்தாலும் இரண்டு கூம்புக் குழாய், ஒரு ஆம்ப்ளிஃபயர், பிளேட் பெட்டி. குழாயைத் தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டும்போது நான் கீழே நின்று வயரைப் பிடித்துக்கொடுப்பேன். அடுத்த ஊரில் இன்னொரு மைக்செட்காரர் இருந்தார். இரண்டு ஊரிலும் ஒரே நாளில் திருவிழா வந்துவிட்டால் மாமா தன் குழாயின் வாயை அந்த ஊர்ப் பக்கம் திருப்பிக் கட்டுவார். அவரும் அப்படியே செய்வார். "நம்ம குழாய் பாடினா ஏரிக்கரை தாண்டி கேக்கணும்டா" என்பது மாமாவின் வாக்கு. அது நடந்தது வாட்ஸால் அல்ல. அந்தக் கூம்பு இருக்கிறதே, அது உள்ளே அதிர்கிற சின்ன டயஃப்ரம் தள்ளுகிற காற்றை அதிகம் வீணாக்காமல் வெளியே கொண்டுவந்து சேர்க்கிற வடிவம். வீட்டு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபல் சத்தம் கொடுத்தால், கூம்பு 105க்கு மேல் கொடுக்கும். மாமாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஏரிக்கரை தாண்டிக் கேட்டதா என்று ஆள் விட்டு விசாரிக்க மட்டும் தெரியும்.

எதிராளி நான்கு குழாய் வாங்கிய வருடம் மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தை சொல்வார். அதே வருடம் பதினெட்டாம் நாள் கூத்தில், துரியோதனன் படுகளத்துக்கு முந்தின ராத்திரி, எதிராளியின் ஆம்ப்ளிஃபயர் புகைந்து நின்றுபோனது. தகவல் வந்ததும் மாமா தன்னுடைய ஸ்பேர் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து, அவன் குழாய் நல்லாத்தான் பாடுது என்றார். அவ்வளவுதான் சொன்னார். பொறாமை அவருக்கும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை ஊரறிய வைத்திருந்தார். குழாயின் வாயைத் திருப்பிக் கட்டுவதும் அதில்தான் சேர்த்தி.

எங்களுடையது அப்படியில்லை. நாங்கள் படித்தவர்கள். எங்கள் பொறாமை கணக்குப் பேசும். அண்ணன் 100 வாட் ஆம்ப் வாங்கினால், 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான் என்போம். கேபிளுக்குப் பன்னிரண்டாயிரம் கொடுத்தேன் என்றால், மூணு மீட்டர் தூரத்துக்கு வீட்டு வயரிங்குக்கு இழுக்கிற 2.5 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பியே தாராளம் என்போம். இதெல்லாம் உண்மை. இன்றைக்குக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் அண்ணன் கேபிள் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் கேட்டிருந்தார். "உங்க இஷ்டம்ணா" என்று சொல்லிவிட்டு, வாங்கிய பிறகுதான் இந்தக் கணக்கை எடுத்தேன்.

விலையைச் சொல்வது பற்றி நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீடு கட்டினால் பூசணிக்காய் கட்டுகிறோம், கண்ணு பட்டுவிடும் என்று புது வண்டியின் விலையைக் குறைத்துச் சொல்கிறோம். ஆடியோ பிடித்தவர்களுக்கு இன்னும் ஒரு படி மேல். வீட்டில் ஒரு விலை, நண்பர்களிடம் ஒரு விலை. எனக்குத் தெரிந்த ஒருவர் ஸ்பீக்கரை ஆபீசிலேயே பிரித்து, அட்டைப்பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, பழசு வாங்கினேன் என்று மனைவியிடம் சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோனார். அண்ணன் அப்படி மறைக்கவில்லை. அண்ணிக்கு முழு விலையும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதை டிவி ஸ்பீக்கர் என்றுதான் தெரியும். டிவிக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி என்று அவர் கேட்டாராம். பெங்களூரில் இருந்தால் கடைக்குப் போய் உட்கார்ந்து கேட்கலாம், அங்கே நாலு பேரோடு பேசலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டையும் சேர்த்தாலும் அந்த அஞ்சு லட்சம் என்ன என்று புரிந்துகொள்ளக்கூடியவர்களாக அண்ணனுக்குக் கிடைத்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அவர் வேறு யாரிடம் போய்ச் சொல்வார்?

பெருமையடிப்பது விலை கூடினால் மட்டும்தான் என்றும் நினைக்கவேண்டாம். நான் ஆம்ப்ளிஃபயரைக் கையால் செய்கிறவன். எல்எம்3886 சிப் இரண்டு, டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர், பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஹீட் சிங்க். பெட்டியை லேத் பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டேன். மொத்தம் ஒன்பதாயிரம். இந்த ஒன்பதாயிரத்தை நான் எத்தனை பேரிடம், எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "வெறும் ஒன்பதாயிரம்தான்" என்று. அந்த 'வெறும்' என்ற சொல்லுக்குள் இருந்த பெருமையை யாரும் பீத்தல் என்று சொன்னதில்லை. கஞ்சத்தனமாகப் பார்த்தார்கள், கெட்டிக்காரத்தனமாகப் பார்த்தார்கள், தலைக்கனமாக ஒருவரும் பார்க்கவில்லை. அண்ணனின் அஞ்சு லட்சத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதமே மறுபடி கூடினோம். என் ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவரச் சொன்னது அண்ணன்தான். "உங்களுது என் ஸ்பீக்கர்ல எப்படிப் பாடுதுன்னு பாக்கணும் தம்பி" என்றார். துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். இரண்டு ஆம்ப்ளிஃபயரை ஒப்பிட்டுக் கேட்பதென்றால் முதலில் சத்தத்தைச் சமமாக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சோதனைக்கு அர்த்தமே கிடையாது. ஒரு டெசிபல் கூட இருந்தால் போதும். அதைச் சத்தம் கூட இருக்கிறது என்று காது சொல்லாது. தெளிவாக இருக்கிறது, உயிர் இருக்கிறது, பாடகர் முன்னால் வந்து நிற்கிறார் என்று சொல்லும். அதனால் ஒரே டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்து, ஏசி வோல்ட் இரண்டுக்கும் ஒன்றாக வருகிற மாதிரி வால்யூம் வைக்கவேண்டும். இது தெரிந்தவன் அந்த ஹாலில் நான் ஒருவன்தான். மீட்டரும் என்னுடையதுதான்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அண்ணனின் ஆம்பில் மீட்டர் 2.00 காட்டியது. வயரை மாற்றி என்னுடையதைப் போட்டேன். குமிழைத் திருகத் திருக 1.8, 1.9, 2.0. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். விரல் நிற்கவில்லை. 2.25 என்று காட்டியபோது கையை எடுத்தேன். கால் வோல்ட். சரியாக ஒரு டெசிபல். "லெவல் ஆயிடுச்சா?" என்று அண்ணன் சோஃபாவிலிருந்து கேட்டார். "ஆயிடுச்சுணா" என்றேன்.

பழைய நாகஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டார்கள். தோடி. எது எந்த ஆம்ப் என்று சொல்லாமல் மாற்றி மாற்றி விட்டேன். வாத்தியாரும் ஸ்டுடியோக்காரரும் என் ஆம்ப் வந்த ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கினார்கள். மூன்றாவது சுற்றில் அண்ணனும் தூக்கினார். எது எது என்று நான் சொன்னதும் ஸ்டுடியோக்காரர் தொடையைத் தட்டினார். "ஒன்பதாயிரம் ஒண்ணு அறுபதை அடிச்சிடுச்சு!" அண்ணன் தன் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார். சந்தனம் காய்ந்து உதிர்ந்த இடத்தில் மஞ்சளாக ஒரு தடம் மிச்சம் இருந்தது. எழுந்து போய்த் தோள் துண்டின் நுனியால் அதைத் துடைத்தார். "தம்பி கைவேலை அப்படி" என்றார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் விலையைச் சொல்லவேயில்லை.

பஸ்ஸில் அந்த இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜெயித்தவனுக்கு இருக்கவேண்டிய சந்தோஷம் காவேரிப்பட்டணம் வரைக்கும்கூட வரவில்லை.

அப்புறம் அண்ணன் போன் செய்வது குறைந்தது. கூப்பிட்டால் பேசுவார், நல்லபடியாக விசாரிப்பார், ஆனால் செட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. தை மாதக் கூட்டத்துக்கு வரவில்லை. மாசியில் கூட்டமே நடக்கவில்லை. சித்திரையில் வாத்தியார் அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்திருக்கிறார். ஸ்பீக்கர் மேல் பெட்ஷீட் போர்த்தியிருந்தது என்றார். இந்த முறை அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் ஔவையின் பாட்டு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அவள் அந்தச் சொல்லை யாரிடம் சொன்னாள்? ஆயுதத்துக்குச் சொந்தக்காரனிடமே, அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். எதற்குச் சொன்னாள்? அவனைச் சிறுமைப்படுத்தி ஊர் திரும்பிச் சிரிப்பதற்கா? அதியமானின் தகடூர்மேல் அவன் போருக்கு வரக்கூடாது, அவன் ஆட்களும் சாகக்கூடாது என்று தூது போனவள் அவள். அதையே நான் அவர் வீட்டை விட்டு வந்த பிறகு, முதுகுக்குப் பின்னால், பஸ்ஸில் சொன்னேன். அண்ணனின் செட்டு மாலை போட்டுக்கொண்டு சும்மா நிற்கவும் இல்லை. தினமும் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா நிற்கும்படி செய்தவன் நான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பாதி சொன்ன மாதிரி. முதல் நாளே எங்கள் மூன்று பேருக்கும் ஒரு விஷயம் காதில் பட்டிருந்தது. அண்ணன் ஹாலில் பேஸ், அதாவது கீழ் சுருதிச் சத்தம், குமுறியது. தவில் அடித்தால் ஒவ்வொரு அடியும் பானைக்குள் அடித்த மாதிரி 'கும்'மென்று இழுத்தது. ஸ்பீக்கர்களை மூலையோடு மூலையாக ஒட்டி வைத்திருந்தார், எதிர்ச் சுவரோடு ஒட்டி சோஃபா. ஹால் 14 அடி நீளம். அந்த நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸில் அலை இரண்டு சுவருக்கும் நடுவே நின்றுகொள்ளும். அதன் அழுத்தம் அதிகமாக இருப்பது சுவரோரத்தில்தான், அதாவது அண்ணன் உட்காருகிற இடத்தில். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, உறிஞ்சிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரை முன்னால் இழுங்க, சோஃபாவைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அஞ்சு லட்சத்தில் ஒரு குறை இருப்பது எங்களுக்கு இதமாக இருந்தது.

ஆனி மாதம், பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ்த் தொழிற்சாலை வாசலில் வரிசை கட்டி நிற்கிற நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் கிளம்பிப் போனேன். துணிப்பையில் ஆம்ப்ளிஃபயரும் மீட்டரும். வாசலில் அண்ணி, "வாங்க தம்பி, எவ்ளோ நாளாச்சு" என்றார். அண்ணன் செந்தூராப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அன்னிக்கு லெவல் ஆகலைணா. என்னுது கால் வோல்ட் கூட இருந்துச்சு. தெரிஞ்சேதான் வெச்சேன்."

கத்தி நின்றது. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்பார் என்று பயந்தேன். என்னிடம் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லை. அவர் கேட்கவில்லை.

"மீட்டர் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார்.

பெட்ஷீட்டை எடுத்து மடித்து வைத்தார். இந்தத் தடவை அவரையும் பின்னால் உட்காரவைத்து மீட்டரைக் கையில் கொடுத்தேன். 2.00. மாற்றிப் போட்டு, 2.00. அதே தோடி. மாற்றி மாற்றிப் பத்துத் தடவை போட்டோம். அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. நல்லபடியாகச் செய்த இரண்டு ஆம்ப்ளிஃபயர், அதன் சக்திக்குள் ஓடும்போது, அப்படித்தான் இருக்கும். ஒன்று அறுபதும் ஒன்பதாயிரமும் ஒன்றாகப் பாடுகிறதே என்று அவர் வருத்தப்படுவார் என நினைத்தேன். "அப்ப என்னுது மோசமில்ல" என்று பெருமூச்சு விட்டார். எட்டு மாதம் அவர் மனசில் என்ன இருந்திருக்கிறது என்று அந்த ஒரு வார்த்தையில் தெரிந்தது.

பழம் சாப்பிட்டுக்கொண்டே பேசினார். காதில் மேல் சுருதி போய்விட்டது அவருக்கே தெரியும். ஓசூரில் டாக்டரிடம் காட்டி, வரைபடம் எடுத்து வைத்திருக்கிறார். கொண்டுவந்து காட்டினார், நான் பஸ்ஸில் சொன்ன அதே இடத்தில் கோடு பள்ளமாக விழுந்திருந்தது. "முப்பத்தொரு வருசம் தடால் தடால்னு ஒரே சத்தம் தம்பி. ரிட்டயர் ஆன காசு வந்தப்ப, இருக்கிற காது இருக்கிறப்பவே ஒருதடவை நல்லதாக் கேட்டுடணும்னு தோணுச்சு. அஞ்சு லட்சம்னு வாயில வர்றப்ப எனக்கே நம்ப முடியலை. நான் வாங்கினேனான்னு." மேலே பேசாமல் தோலைக் கூட்டித் தட்டில் போட்டார்.

அண்ணியும் ஒரு பக்கம் பிடிக்க, சோஃபாவை மூன்றடி முன்னால் நகர்த்தினோம். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் நல்ல கனம். கீழே கோணிப்பை போட்டு இழுத்தோம். சுவரை விட்டு இரண்டடி தள்ளி, கொஞ்சம் உள்பக்கம் திருப்பி வைத்தேன். தரையில் அவர் பாய் விரித்தார். கச்சேரியை முதலிலிருந்து போட்டார்.

தவில் தனி வந்தபோது அந்தக் குமுறல் இல்லை. இடது பக்கம் குச்சி அடி விழுந்த இடத்திலேயே நின்றது. வலது பக்கம் விரல்களில் மாட்டிய கூடு தோலில் படும் சத்தம், 'டக்', 'டக்' என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. அண்ணன் முன்னால் குனிந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தனி முடிந்து நாகஸ்வரம் மறுபடி எடுத்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு லட்சம் தம்பி" என்றார்.

"ஆமாண்ணா" என்றேன். "இன்னொருதடவை போடுங்க."